தம்பிக்கு மனச்சிதைவு நோய். என் மகளுக்கும் வருமா?

கேள்வி: என் தம்பிக்கு 21 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறான். காதல் தோல்விதான் காரணம் என்கிறார் அம்மா. அம்மா கொடுத்த செல்லம்தான் காரணம் என்கிறார் அப்பா. செய்வினை என்கிறார் சித்தி. என் மகள் இந்த வருடம் கல்லூரி விடுதியில் சேருகிறாள். அவளுக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, மதுரை

பதில்: உங்கள் பயம் புரிகிறது, மகள் விஷயத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன். பொதுவாக 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. தாய்மாமாவுக்கு இருந்தால் அது 100-க்கு சுமார் 3 ஆகிறது. மீதி 97 பேருக்கு வருவதில்லை. பெற்றோரில் ஒருவருக்கே இருந்தாலும் பத்தில் ஒருவர் என்ற அளவுதான்.

பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இது ஒரே ஒரு மரபணுவால் வருவதில்லை; நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்ந்து வாய்ப்பைக் கூட்டுகின்றன. உருவத்தில் ஒன்றுபோல இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கு வருவது பாதிக்கும் குறைவாகத்தான்.

மிச்சக் காரணங்களில் சில, பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. 1944-45 குளிர்காலத்தில், போர் முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கடும் பஞ்சம். அது உச்சத்தில் இருந்தபோது கருவில் உருவான குழந்தைகளுக்கு, பின்னாளில் இந்த நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. கர்ப்பத்தில் தொற்று, பிரசவத்தில் குழந்தைக்கு ஆக்சிஜன் குறைவது, சிறுவயதில் அனுபவித்த கொடுமை, பெருநகரத்தில் வளர்வது ஆகியவையும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகின்றன. இவற்றில் எதுவும் தனியாக நோயைக் கொண்டுவந்துவிடாது.

இனி உங்கள் வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். காதல் முறிவதற்கு முந்தைய ஒரு வருடத்தை நினைத்துப் பாருங்கள். தம்பி நண்பர்களைத் தவிர்த்தாரா? அரியர் விழுந்ததா? ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்கினாரா? குளிக்கக்கூடச் சொல்ல வேண்டியிருந்ததா? பல வீடுகளில் நோய் இப்படி ஓசையில்லாமல் முதலில் வந்துவிடுகிறது. படிப்பும் காதலும் அதனாலேயே கெடுகின்றன. வெளியே தெரிவது காதல் தோல்வி என்பதால் பழி அதன்மேல் விழுகிறது. கடும் மன அழுத்தம், ஏற்கனவே வாய்ப்புள்ள ஒருவரிடம் நோயைக் கிளப்பிவிடலாம் என்பதும் உண்மை. ஆனால் செல்லம் கொடுத்ததால் இது வராது. 1940-களில் மனநல மருத்துவர்கள் சிலரே தாயின் வளர்ப்பைக் குறை சொன்னார்கள். அதற்கு ஆதாரமில்லை என்று பிறகு தெளிவானது. இதை உங்கள் அப்பாவிடம் தயவுசெய்து சொல்லுங்கள். மகனின் நோயையும் பார்த்துக்கொண்டு, வீண்பழியையும் அம்மா சுமக்க வேண்டாம். செய்வினைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மகள் விஷயத்தில் நம் கையில் இருப்பது முக்கியமாகக் கஞ்சா. இளவயதில் அடிக்கடி, அதுவும் வீரியம் கூடியதைப் புகைப்பவர்களுக்கு ஆபத்து தெளிவாகவே கூடுகிறது. குடும்பத்தில் நோய் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. மிரட்டாமல், மாமாவின் நோயை மறைக்காமல், விடுதிக்குப் போகுமுன் அவளிடம் பேசிவிடுங்கள்.

அப்புறம், எந்நேரமும் அவளைக் கண்காணிக்க வேண்டாம். தூக்கம் தலைகீழாவது, யாரோ தன்னைப் பற்றியே பேசுவதாகச் சந்தேகப்படுவது, தனியாகப் பேசிச் சிரிப்பது என்று வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸில், எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். தம்பி நன்றாக இருக்கிறாரே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.