'மரம்ஐ' என்று எழுதும் பிள்ளைக்கு என்ன சொல்லித்தருவது?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். ஆங்கிலப் பாடத்தில் முன்னொட்டு, பின்னொட்டுகளை அட்டைகளாக வெட்டிக் கொடுத்தேன். பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். தமிழுக்கும் அதையே செய்து பார்த்தால் குழப்பம்தான் மிச்சம். 'மரம்' அட்டையையும் 'ஐ' அட்டையையும் கொடுத்தால் 'மரம்ஐ' என்கிறார்கள். 'வீடில் இருக்கிறேன்', 'ஆறில் குளித்தோம்' என்றும் எழுதுகிறார்கள். தமிழில் இவற்றை எப்படிக் கற்பிப்பது? தமிழில் முன்னொட்டு உண்டா? இலக்கணப் பெயர்களை எந்தக் கட்டத்தில் சொல்லலாம்?

பதில்: குறை பிள்ளைகளிடம் இல்லை, நீங்கள் வெட்டிய அட்டையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒட்டு சேரும் இடம் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே விழுகிறது; கத்தரிக்கோல் வைக்க அங்கே இடம் உண்டு. தமிழில் 'மரத்தை' என்ற சொல்லில் 'ஐ' எங்கே இருக்கிறது? 'தை' என்ற ஒரே எழுத்துக்குள். போதாக்குறைக்கு, பின்னால் ஒலிக்கும் அந்த 'ஐ'யின் குறி தகரத்துக்கு முன்னால் நிற்கிறது. 'வீட்டோடு' என்பதிலோ ஓகாரத்தின் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது. காதுக்குப் பின்னொட்டாக இருப்பது கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லை. எனவே தமிழில் இந்தப் பாடத்தைக் கண்ணில் தொடங்கக் கூடாது, காதில் தொடங்க வேண்டும். பிரிப்பதில் தொடங்கக் கூடாது, சேர்ப்பதில் தொடங்க வேண்டும்.

காதில் தொடங்கினால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருப்பது தெரியும். 'வீடில்' என்று எழுதும் அதே பிள்ளை வீட்டில் பேசும்போது 'வீட்டுல' என்றுதான் சொல்கிறாள்; 'ஆத்துல' என்கிறாள்; ஒருநாளும் 'வீடுல' என்று சொன்னதில்லை. மூன்று வயதிலேயே வாய்க்கு வந்துவிட்ட விதி இது. நான்காம் வகுப்பில் நாம் செய்ய வேண்டியது அந்த விதியை எழுத்துக்குக் கொண்டுவருவது மட்டும்தான். எனவே முதல் இரண்டு மூன்று வகுப்புகளுக்கு நோட்டைத் திறக்க வேண்டாம். 'நான் … பார்த்தேன்' என்று ஒரு வாக்கியச் சட்டகம் போதும். மரம், படம், மாடு, பூ, நாய், கல், பசு, கிணறு என்று பெயர்களை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். வாக்கியத்தை அவர்கள் முடிக்கட்டும். 'மாட்ட பாத்தேன்' என்று பேச்சில் வந்தால் திருத்தி நிறுத்தாதீர்கள். 'மாட்டைப் பார்த்தாயா?' என்று எழுத்து வடிவில் திருப்பிக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே திருத்தம்.

பிறகு கரும்பலகைக்கு வாருங்கள். அவர்கள் சொன்னவற்றையே எழுதி, ஒரே மாதிரி மாறியவற்றை ஒன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். குடும்பங்கள் தாமாகப் பிரியும். மரம், படம், பழம், குளம் எல்லாம் 'த்து' வாங்கும். மாடு, வீடு, ஆறு, கிணறு, கயிறு எல்லாம் கடைசி வல்லினத்தை இரட்டித்துக்கொள்ளும். கல், பல், கண், முள் எல்லாம் கடைசி மெய்யை இரட்டிக்கும். தம்பி, நாய் போன்றவற்றில் யகரமும், பூ, பசு போன்றவற்றில் வகரமும் கேட்கும். தம்பி நடுவில் ஒரு யகரத்தை வரவழைக்கிறான், நாய் தன்னிடம் இருப்பதையே தருகிறது என்ற நுணுக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உடம்படுமெய், சாரியை, குற்றியலுகரம் என்ற பெயர்களும் இந்த வயதில் வேண்டாம். 'மரம் வீட்டுக் குடும்பம்', 'மாடு வீட்டுக் குடும்பம்' என்று பிள்ளைகளே பெயர் வைக்கட்டும்; அது மறக்காது.

இப்போது அட்டை. அட்டையைத் தூக்கிப்போட வேண்டாம், அதன் பின்பக்கத்தையும் பயன்படுத்துங்கள். முன்பக்கம் 'மரம்', பின்பக்கம் 'மரத்து'. முன்பக்கம் 'வீடு', பின்பக்கம் 'வீட்டு'. ஆறு – ஆற்று, காடு – காட்டு, கிணறு – கிணற்று. இந்தப் பின்பக்க வடிவங்களும் பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல. மாட்டு வண்டி, காட்டு யானை, ஆற்று மணல், வீட்டுப் பாடம், கிணற்றுத் தவளை என்று நாள்தோறும் கேட்பவைதாம். ஒட்டு வந்து சேர்வதற்கு முன் பெயர் எடுத்துக்கொள்ளும் வடிவம் இது. 'ஐ' அட்டை வந்தால் பெயர் அட்டையைத் திருப்ப வேண்டும் என்பதுதான் ஆட்டத்தின் விதி. வீட்டு + ஐ = வீட்டை. வீட்டு + இல் = வீட்டில். வீட்டு + ஓடு = வீட்டோடு. 'கு' வந்தால் வீட்டுக்கு. 'வீட்டிற்கு' என்று எழுதும் பிள்ளையும் சரியே.

சேரும் இடத்தில் மட்டும் மெதுவாகப் போங்கள். 'மரத்து' என்பதன் கடைசி உகரம் விலகி 'மரத்த்' என்று புள்ளியோடு நிற்பதை ஒருமுறை எழுதிக் காட்டி, அதன்பின் 'ஐ' ஏறி 'மரத்தை' ஆவதைக் காட்டுங்கள். மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆவதை இரண்டாம் வகுப்பில் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இது ஒரு நொடி வேலை. அதில் தடுமாறும் பிள்ளைக்கு எத்தனை உருபு சொல்லித்தந்தாலும் நிற்காது. முதலில் அந்தப் பழைய பாடத்துக்குத் திரும்புங்கள். பசு, தெரு போன்ற இரண்டு குறில் சொற்களில் உகரம் விலகாது, 'பசுவை', 'தெருவில்' என்றுதான் வரும். இதற்கும் விதி சொல்ல வேண்டாம். 'பசை' என்று சேர்த்துப் படித்துக் காட்டினால் வகுப்பே சிரித்துவிடும்.

இந்த ஆட்டம் இரண்டாம் வாரம் ஒரு நல்ல சிக்கலைக் கொண்டுவரும். எல்லா ஒட்டுக்கும் அட்டையைத் திருப்ப வேண்டுமா? 'கள்' வந்தால் திருப்ப வேண்டாம்: வீடுகள், மாடுகள். மரம் மட்டும் மகரத்தை ஙகரமாக்கிக்கொண்டு மரங்கள் ஆகும். 'உம்' வந்தாலும் திருப்ப வேண்டாம்: மரமும் வீடும். கேள்வி கேட்கும் 'ஆ', அழுத்திச் சொல்லும் 'ஏ' இரண்டும் அப்படியே: மரமா? வீடே. 'ஆக', 'ஆன' என்பனவும் முன்பக்கத்தோடுதான் சேரும்: பணமாகக் கொடுத்தார், உயரமான மரம். ஆனால் ஐ, ஆல், ஓடு, கு, இன், இல் ஆகியவற்றுக்குத் திருப்பியே ஆக வேண்டும். ஒட்டு அட்டைகளை இப்படி இரண்டு பெட்டிகளாகப் பிள்ளைகளே பிரிக்கட்டும். வேற்றுமை உருபு என்றால் என்ன என்பதை அவர்கள் இங்கே கண்டுபிடித்துவிடுகிறார்கள், பெயர் மட்டும்தான் பாக்கி. என்னைக் கேட்டால், பாடநூலில் கட்டம் கட்டிப் போடும் வரையறையைவிட இந்த இரண்டு பெட்டிகள் மேல்.

'ஆறில் குளித்தோம்' என்பதற்கு ஒரு தனி வழி உண்டு. 'ஆறில் ஒரு பங்கு' என்று எண்ணைச் சொல்லும்போது 'ஆறில்' சரி. தண்ணீர் ஓடும் ஆறு என்றால் 'ஆற்றில்'. இரண்டையும் அருகருகே எழுதிப் படம் வரையச் சொல்லுங்கள். ஒட்டு சேரும் விதத்தில் பொருளே மாறுகிறது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. பிறமொழிச் சொற்களையும் இழுத்து வாருங்கள். 'ரோடு' நம் விதிக்குப் பணிந்து 'ரோட்டில்' ஆகிவிட்டது. 'பிளேடு' பணியவில்லை, 'பிளேடால்' என்றே நிற்கிறது. ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், பதில் சொல்ல அவசரப்படாமல் அவர்களையே யோசிக்க விடுங்கள்.

வினைச்சொல்லில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. படித்தேன், படித்தாய், படித்தான், படித்தாள், படித்தார், படித்தோம் என்பவற்றில் கடைசி ஒலி யாரைச் சொல்கிறது என்று கண்டுபிடித்தால் போதும். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூல் சொல்லும் ஆறு உறுப்புகளாக 'வந்தனன்' என்ற சொல்லைப் பிரிப்பது உயர் வகுப்புகளுக்குரிய வேலை. நான்காம் வகுப்பில் அதைச் செய்தால் மனப்பாடம் மட்டும்தான் வளரும்.

நீங்கள் ஆங்கிலப் பாடத்தில் செய்ததற்கு உண்மையான இணை வேறு இடத்தில் இருக்கிறது. புதிய சொல்லை உண்டாக்கும் பின்னொட்டுகள் அவை: பால்காரர், பூக்காரர், தோட்டக்காரர், எழுத்தாளர், பேச்சாளர், தொழிலாளர், திறமைசாலி, புத்திசாலி, வேலையின்மை, நிறமற்ற, குழந்தைத்தனம். வாசிப்பில் புதுச் சொல் வரும்போது பொருளை ஊகிக்கக் கைகொடுப்பவை இவை. ஒரு சின்ன வேண்டுகோள்: 'காரன்' என்று தொடங்காமல் 'காரர்' என்றே சொல்லித்தாருங்கள். வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா பால் ஊற்றுபவராக இருக்கலாம்.

இதில் மிகச் சுவையான வேட்டை 'மை'. பெருமை, பொறுமை, நேர்மை, வறுமை, இனிமை என்று பட்டியல் நீளும்போது யாராவது ஒரு பிள்ளை 'எருமை' என்பான். அவனை உட்காரச் சொல்லாதீர்கள், பாடம் அங்கேதான் தொடங்குகிறது. 'நேர்மை'யில் மையை எடுத்தால் 'நேர்' நிற்கிறது, அதற்குப் பொருளும் இருக்கிறது. 'இனிமை'யில் 'இனி' நிற்கிறது. இனிய, இனிப்பு என்று அதன் உறவுகளும் இருக்கின்றன. 'எருமை'யில் மையை எடுத்தால் 'எரு' நிற்கிறது. பொருள் உள்ள சொல்தான், ஆனால் எருமை என்பது எருவின் குணம் அல்ல! 'ஆமை', 'கோதுமை' இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். மிஞ்சுவதற்குப் பொருள் இருக்க வேண்டும், அந்தப் பொருள் முழுச்சொல்லோடு உறவாடவும் வேண்டும் என்ற இரண்டு சோதனைகளையும் அவர்களே உருவாக்கிவிடுவார்கள்.

முன்னொட்டு பற்றிக் கேட்டீர்கள். தமிழ் பின்னால் ஒட்டும் மொழி. முன்னால் ஒட்டுபவை மிகக் குறைவு. இயல்பானவை சுட்டும் வினாவும்: அவ்வீடு, இம்மரம், எப்பக்கம். அப்படி – இப்படி – எப்படி, அங்கு – இங்கு – எங்கு என்ற வரிசைகளைப் பிள்ளைகளே நீட்டுவார்கள். நடுவில் நிற்பதைச் சுட்டும் 'உ' தமிழ்நாட்டுப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் 'உது', 'உவன்' என்று இன்னும் வாழ்கிறது. சொன்னால் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு கேட்பார்கள். வடமொழி வழி வந்தவையும் சில உண்டு: நீதி – அநீதி, சுத்தம் – அசுத்தம், மரியாதை – அவமரியாதை. ஆனால் எதிர்மறையைத் தமிழ் பெரும்பாலும் பின்னால்தான் வைக்கிறது: தெரியாத, முடியாது, பயனற்ற, பொறுப்பில்லாத. ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும் மறுப்புக்கு இணையாகத் தமிழில் ஒரு முன்னொட்டைத் தேடும் பயிற்சி மட்டும் வேண்டாம். உள்நாடு, வெளிநாடு, துணைத்தலைவர் போன்றவை இரண்டு முழுச் சொற்கள் சேர்ந்தவை. அவற்றை முன்னொட்டு என்று நான் சொல்ல மாட்டேன்.

இலக்கணப் பெயர்களில் 'உருபு', 'விகுதி' இரண்டும் நான்காம் வகுப்புக்குப் போதும். இரண்டு பெட்டி ஆட்டம் கைவந்த பிறகு சொல்லுங்கள். 'ஐ ஆல் கு இன் அது கண்' என்ற நன்னூல் வரிசையை ஒப்பிக்க வைத்தால், ஏழாம் உருபு 'கண்' என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, 'வீட்டில்' என்பதில் அந்த வேற்றுமையை அடையாளம் காணாமல் திணறும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலைக்கேற்பப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் குழுக்கள் உங்கள் வகுப்பில் இருந்தால் அதே அட்டைகளே போதும்: அரும்புக்கு வாய்மொழி வாக்கியம், மொட்டுக்கு அட்டையைத் திருப்பிச் சேர்த்தெழுதுதல், மலருக்குப் பாடத்திலிருந்து சொற்களைப் பிரித்தல்.

புரிந்ததா என்று சோதிக்க, இல்லாத சொல்லைக் கொடுங்கள். 1958இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், பறவை போன்ற ஓர் உருவத்தை வரைந்து, 'வக்' என்று பொய்ப்பெயர் சூட்டி, அதன் பன்மையைக் குழந்தைகளிடம் கேட்டார். கேட்டிராத சொல்லுக்கும் குழந்தைகள் விதியைப் பொருத்தினார்கள். நீங்களும் கோணல்மாணலாக ஒரு படம் வரைந்து, 'இது மிப்பம். நேற்று நான் ஒரு … பார்த்தேன்' என்று எழுதச் சொல்லுங்கள். 'மிப்பத்தை' என்று வந்தால் விதி எழுத்துக்கு வந்துவிட்டது, அடுத்த உருபுக்குப் போகலாம். 'மிப்பம்மை' என்று வந்தால் அட்டையைத் திருப்பும் ஆட்டத்துக்குத் திரும்புங்கள். 'மிப்பத்த' என்று வந்தால் விதி தெரிகிறது, பேச்சு வடிவம் கையில் நிற்கிறது. சொல்வதெழுதுதலில் ஐகார ஒலியைக் கேட்டெழுத வைத்தால் போதும். 'மிப்பத்தய்' என்றால் அது உருபுச் சிக்கலே இல்லை, ஐகாரக் குறியில் பயிற்சி கொடுங்கள்.