மச்சான் வாலட்டின் 12 சொற்கள் உங்களிடம் இருந்தால்

கேள்வி (மண்டபம் வாசகர்): துபாயில் இருக்கும் மச்சானின் கிரிப்டோ வாலட்டில் (டிஜிட்டல் பணப்பை) டோக்கன்களாக விற்கும் கேம் கேரக்டர்கள் வாங்க 70,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் ராப்பகலாக ஆடி வளர்த்தது நான்தான். இப்போது தங்கை வீட்டுச் சண்டையில் "எல்லாம் எனக்குத்தான்" என்கிறார். அவருடைய சீட் பிரேஸ் (வாலட்டைத் திறக்கும் 12 சொற்கள்) என்னிடம் இருக்கிறது. என் பாதியை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுக்காதீர்கள்.

ராப்பகல் ஆடியதும் தங்கை வீட்டுப் பேச்சும் வழக்குக்கு உதவாது. அந்த 70,000 எதற்காகப் போனது, கடனா, கூட்டுப் பங்கா? அது ஒன்றுதான் கேள்வி. வாட்ஸ்அப்பில் "ஆளுக்குப் பாதி" என்று ஒரு வரி அவர் எழுதியிருந்தாலும் போதும், உங்கள் வழக்கு நிற்கும். ஸ்க்ரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். சாட்டை முழுதாக எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, போனை ரீசெட் செய்யாமல் வையுங்கள். எலெக்ட்ரானிக் ஆதாரத்தைக் கோர்ட்டில் காட்டத் தேவையான பாரதிய சாக்ஷ்ய சட்டம் 63-ம் பிரிவுச் சான்றிதழுக்கு அந்தப் போன் வேண்டும்.

2025 அக்டோபரில் கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) இருந்த காயின் பற்றிய வழக்கு அது. கேம் டோக்கனுக்கும் அதைக் காட்டி வாதாடலாம். ஆனால் பலர் அதைப் படித்துவிட்டு, "என் சொத்து, எடுத்தேன்" என்று டோக்கனை மாற்றிவிட்டுத்தான் வக்கீலைத் தேடி வருகிறார்கள். சொத்து என்று ஆகிவிட்டால் அதைத் திருடவும் முடியும், இல்லையா? அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 3 ஆண்டு வரை சிறை. எத்தனை மணிக்கு எந்த வாலட்டுக்குப் போனது என்பது பிளாக்செயினில் (டோக்கன் கைமாறும் பொதுப் பதிவேடு) அழியாது. அதுவரை வாதியாக இருந்த நீங்கள் அன்றைக்கே குற்றம் சாட்டப்பட்டவர்.

எடுத்ததைப் பி2பி-யில் (முன்பின் தெரியாத ஆளுக்கு நேரடியாக) விற்று ரூபாயாக்கினால் இன்னொரு வம்பு. வாங்கியவன் அனுப்பிய பணம் எங்கோ ஏமாற்றிய பணமாக இருந்தால், வேறு மாநில சைபர் போலீஸ் கடிதத்தில் உங்கள் அக்கவுண்ட் முடங்கும். படகு டீசலுக்கு வைத்திருந்த காசும் அதோடு நிற்கும்.

கேமில் ஜெயித்ததில் பங்கு என்றும் மனுவில் எழுத வேண்டாம். பந்தயப் பணத்தைக் கோர்ட் வசூலித்துத் தராது (ஒப்பந்தச் சட்டம் 30). 2025-ன் ஆன்லைன் கேமிங் சட்டம் டோக்கனையும் பந்தயப் பொருளாகவே பார்க்கிறது. கொடுத்த 70,000-ஐ மட்டும் கேளுங்கள்.

வெளிப்படையாகச் சொன்னால், இந்தத் தொகைக்கு துபாய்க்காரர் மேல் வழக்குப் போடாதீர்கள், சமரசம் பேசுங்கள். கேம் கம்பெனி சர்வரை நிறுத்திவிட்டால் டோக்கன் இருக்கும், விலை இருக்காது. அவர் லீவில் வரும்போது ராமநாதபுரம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். சமரசம் ஆனால், லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) உத்தரவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. விற்றுப் பங்கு போடுவதென்றால், வரி கட்டிய பிறகு பாதியா, அதற்கு முன்பா என்று எழுதிக்கொள்ளுங்கள். லாபத்தில் 30 சதவீதம் வரி. ஒரு டோக்கன் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. பணம் கொடுத்து 3 ஆண்டு முடிவதற்குள் (வழக்குக் கெடு அதுதான்) "தர வேண்டியது இவ்வளவு" என்று அவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அந்த 12 சொற்கள் உங்களிடம் இருப்பதை இன்றே அவருக்கு எழுதிச் சொல்லி, எல்லாவற்றையும் புது வாலட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். நாளை எவனோ ஒரு ஹேக்கர் அதைக் காலி செய்தாலும் போலீஸ் முதலில் மண்டபத்துக்குத்தான் வரும்.