வாலாஜாபேட்டைக்கும் தியாகராஜருக்கும் என்ன தொடர்பு?

வேலூர்ப் பக்கம் யாராவது பெரிய இசைக்காரர் இருந்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் சொல்வது வேங்கடரமண பாகவதரைத்தான் (1781–1874). முதலில் வாழ்ந்தது தஞ்சாவூர்ப் பக்கம் அய்யம்பேட்டையில். சௌராஷ்டிரக் குடும்பம். பிற்காலத்தில் அன்றைய வட ஆர்க்காட்டு வாலாஜாபேட்டையில் குடியேறி, பாட்டும் பஜனையுமாக வாழ்ந்தார். அந்த ஊர் இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது.

அய்யம்பேட்டையிலிருந்து திருவையாறு வரை நடந்து, குரு தியாகராஜரின் பூஜைக்குத் துளசி கொண்டுபோய்க் கொடுப்பாராம். கூச்சத்தில் வாயே திறக்காமல் திரும்பிவிடுவார் என்று கதை. அப்படி வந்தவர்தான் பின்னால் அவருடைய முக்கிய சீடர்களில் ஒருவர் ஆனார்.

அவர் பாடியதைவிட, எழுதி வைத்ததுதான் பெரிய விஷயம் என்பேன். தியாகராஜரின் கீர்த்தனைகள் வாய்வழியாகவே பரவியவை. பாடுகிறவர் மாறினால் ஒரு சங்கதி (ஒரு வரியை வேறு விதமாக இழைத்துப் பாடுவது) மாறும், சில சமயம் ஒரு சொல்லும் மாறும். வேங்கடரமண பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் கீர்த்தனைகளைச் சுவடிகளில் எழுதிக் காத்தார்கள், குருவின் வாழ்க்கையையும் எழுதினார்கள். அந்தச் சுவடிகள் பிறகு மதுரை சௌராஷ்டிர சபைக்குப் போய்ச் சேர்ந்தன. பாடுகிறவருக்கு ஏற்பப் பாட்டு மாறுவதால்தான், சீடர்களின் ஊர்ப் பெயரால் தில்லைஸ்தானம், உமையாள்புரம், வாலாஜாபேட்டை என்று மூன்று பாட வழிகளைச் சொல்கிறார்கள். ஒரே கீர்த்தனையை இரண்டு வித்வான்கள் வேறு வேறு மாதிரி பாடினால், யாரோ தப்பாகப் பாடுகிறார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். வழி வேறாக இருக்கலாம்.

அப்புறம், கீர்த்தனைகள் இயற்றிய மைசூர் சதாசிவ ராவ் வேங்கடரமண பாகவதரின் சீடர்தான். மைசூர் வரை போன கிளை அது.