பன்னிரண்டு வேலை எடுத்தால் ஐந்துதான் முடிகிறது, என்ன செய்வது?

கேள்வி: சேலத்தில் ஏழு பேர் கொண்ட சிறு நிறுவனம் எங்களுடையது. வெள்ளிக் கொலுசு வியாபாரிகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு மென்பொருள் செய்கிறோம். ஐந்து டெவலப்பர், ஒரு டெஸ்டர், முதலாளியே பிராடக்ட் ஓனர் (எந்த வேலை முதலில் என்று முடிவு செய்பவர்). இரண்டு வார ஸ்பிரிண்ட்டில், அதாவது ஒரு சுற்றில், பன்னிரண்டு வேலை எடுத்தால் ஐந்துதான் முடிகிறது. கடைக்காரர்கள் நேராக டெவலப்பருக்கே போன் போடுகிறார்கள். காலை ஸ்டாண்டப் கூட்டம் முக்கால் மணி நேரம் இழுக்கிறது. கடைசி இரண்டு நாளில் எல்லாம் டெஸ்டர் தலையில் விழுகிறது. ஸ்பிரிண்ட் வைத்து ஓட்டும் ஸ்க்ரமை விட்டுவிட்டு, சுற்று இல்லாமல் கை காலியாகக் காலியாக அடுத்த வேலையை எடுக்கும் கான்பானுக்கு மாறிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற வேண்டாம். இதே பழக்கங்களோடு கான்பானுக்குப் போனால் வேலைகளைக் குறித்து வைக்கும் பலகைதான் மாறும், தேக்கம் அப்படியே இருக்கும். கையில் ஒரே நேரத்தில் இருக்கும் வேலை அதிகம் என்பதும், நடுவில் வரும் வேலைக்கு நீங்கள் இடமே ஒதுக்கவில்லை என்பதும்தான் சிக்கல்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பத்து வேலை நாளில் ஐந்து முடிகிறது என்றால் நாளொன்றுக்கு அரை வேலை. பன்னிரண்டையும் ஒன்றாகத் தொடங்கிவிட்டால், லிட்டில் விதிப்படி (கையில் இருக்கும் வேலையை முடியும் வேகத்தால் வகுப்பது) ஒரு வேலை முடிய சராசரியாக 12-ஐ 0.5-ஆல் வகுத்து வரும் 24 வேலை நாள் ஆகும். ஸ்பிரிண்ட்டோ பத்து நாள்தான். முடியும் வேகம் இதே அளவில் இருந்து, கையில் ஐந்து மட்டும் இருந்தால் சராசரி 10 நாளுக்கு இறங்கும். ஆகவே பலகையில் வரம்பு போடுங்கள்: 'செய்துகொண்டிருப்பது' பத்தியில் மூன்று, 'டெஸ்டிங்' பத்தியில் இரண்டு. டெஸ்டிங் நிரம்பியிருந்தால் டெவலப்பர் புதிய வேலை எடுக்கக் கூடாது; டெஸ்டருக்குக் கை கொடுக்க வேண்டும். முதல் வாரம் சிலர் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும், முதலாளிக்கு மனசு பதறும். அந்த நேரத்தில் வரம்பைத் தளர்த்திவிடாதீர்கள். பலர் கைவிடுவது அங்கேதான்.

அடுத்தது போன். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. பில் போட முடியாமல் கடையில் ஒருவர் நிற்கிறார். ஆனால் அழைப்பு ஒரே ஆளிடம் வர வேண்டும். வாரத்துக்கு ஒரு டெவலப்பர் முறை வைத்து, வாடிக்கையாளர்களுக்கு ஒரே எண் கொடுங்கள். அந்த வாரம் அவருக்குத் திட்டமிட்ட வேலை எதுவும் கிடையாது. நேரம் மிஞ்சினால் பழைய பக் தீர்க்கலாம். பில்லிங் நின்றுபோனால், எடைக் கணக்கு தப்பாக வந்தால் உடனே கவனிப்பார். "இந்த ரிப்போர்ட்டில் ஒரு பத்தி சேர்த்துக் கொடுங்கள்" வகையறா எல்லாம் பேக்லாகுக்கு (காத்திருக்கும் வேலைப் பட்டியல்) போகும், எது முன்னால் என்று முதலாளி முடிவு செய்வார். அவரும் டெவலப்பர் மேசைக்கு நேரே வந்து வேலை சொல்லாமல் இருக்க வேண்டும். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கடைக்காரர்களின் ஜிஎஸ்டி கெடுவையும் கவனியுங்கள்: மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11-ஆம் தேதி, வரிக் கணக்குக் காட்டும் 3பி கெடு 20-ஆம் தேதி. அந்த இரண்டு தேதிக்கும் முந்தைய மூன்று நாளில் புதிய ரிலீஸ் வைக்காதீர்கள்.

வேலையைப் பிரிக்கும் விதம் இன்னும் முக்கியம். "டேட்டாபேஸ்", "திரை", "ரிப்போர்ட்" என்று அடுக்கடுக்காகப் பிரித்தால் மூன்றும் சேரும்வரை டெஸ்டருக்குத் தொட எதுவும் இருக்காது. கடைசி இரண்டு நாள் நெரிசலுக்கு இதுவே காரணமாக இருக்கும். பட்டறைக்காரர் பார்த்தால் பயன்படும் துண்டாகப் பிரியுங்கள். பட்டறைக் கணக்கு என்ற பெரிய வேலையில் முதல் துண்டு: ஒரே பட்டறை, ஒரே டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பது), பாக்கி வெள்ளி மட்டும் திரையில் தெரிய வேண்டும். பல டச் கலந்து வருவது இரண்டாவது. செய்கூலி மூன்றாவது. அச்சடித்த சீட்டு அதற்கும் பிறகு. ஒவ்வொரு துண்டும் இரண்டு மூன்று நாளில் டெஸ்டிங்குக்குப் போகிற அளவில் இருக்கட்டும்.

கோட் எழுதும் முன்பே டெஸ்டரும் டெவலப்பரும் அரை மணி நேரம் உட்கார்ந்து எண்களோடு உதாரணம் எழுத வேண்டும். 1,000 கிராம் சுத்த வெள்ளி கொடுத்தோம்; 80 டச்சில் 1,100 கிராம் கொலுசு திரும்பி வந்தது; அதில் சுத்த வெள்ளி 880 கிராம். பேசிக்கொண்ட சேதாரம் 20 கிராம் என்றால் பட்டறை தர வேண்டிய பாக்கி 100 கிராம். திரையில் 100 வந்தால் சரி. சேதாரம் கொடுத்த எடைக்கா, திரும்பிய எடைக்கா என்ற சந்தேகம் இப்படி எழுதும்போதே வெளியே வந்துவிடும். அதே சந்தேகம் பத்தாவது நாள் வந்தால் ஸ்பிரிண்ட்டே போச்சு.

ஸ்டாண்டப் 15 நிமிடம்தான். ஆளுக்கு ஆள் "நேற்று என்ன செய்தேன்" என்று ஒப்பிக்கும் மூன்று கேள்வி முறையை ஸ்க்ரம் கையேடே 2020 பதிப்பில் எடுத்துவிட்டது. பலகையின் வலப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: முடியும் தறுவாயில் இருப்பது எது, அதை இன்று முடிக்க என்ன வேண்டும்? விவாதம் கிளம்பினால் சம்பந்தப்பட்ட இருவர் மட்டும் பிறகு பேசிக்கொள்ளட்டும்.

திட்டமிடும் நாளில் ஆள் கணக்கைப் போட்டுவிட்டு வேலையை எடுங்கள். ஐந்து பேருக்கு பத்து நாள், 50 ஆள்-நாள். போன் முறைக்கு 10 போகும். மற்ற நால்வருக்கும் திட்டமிடல், ரிவ்யூ (முடிந்த வேலையைக் காட்டுவது), ரெட்ரோ (சுற்று எப்படிப் போனது என்று பேசுவது) எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாள் என்றால் மிச்சம் 36. ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகை விடுமுறையையும், ஊருக்குப் போகிறவர்களின் லீவையும் கழித்தால் 30-க்குக் கீழே இறங்கலாம். போன மூன்று ஸ்பிரிண்ட்டில் ஒவ்வொன்றிலும் உண்மையில் முடிந்தது ஐந்து என்றால் அடுத்ததிலும் ஐந்துதான் எடுக்க வேண்டும். முடித்தபின் நாள் மிஞ்சினால் ஆறாவதை இழுத்துக்கொள்ளலாம். முதலாளி பாயின்ட்டை (வேலை எவ்வளவு பெரியது என்று குழு போடும் மதிப்பெண்) வைத்து ஆளுக்கு ஆள் ஒப்பிடத் தொடங்கினால் மதிப்பீடுகள் வீங்கிவிடும். பாயின்ட் குழுவுக்கு மட்டும்.

ரிவ்யூவுக்குச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வியாபாரியை அழையுங்கள். வாடிக்கையாளர் உள்ளூரிலேயே இருப்பது பெரிய வசதி. மாதிரித் தரவைக் காட்டாமல் அவருடைய போன மாதக் கணக்கையே போட்டுக் காட்டுங்கள்.

மூன்று ஸ்பிரிண்ட் இப்படி ஓட்டி, நடுவில் வந்த வேலை எத்தனை நாளைத் தின்றது என்று குறித்து வையுங்கள். மொத்தத்தில் பாதிக்கு மேல் என்றால் உங்கள் தொழில் இப்போது பராமரிப்புத் தொழில். கான்பானே பொருந்தும், அப்போது தயங்காமல் மாறுங்கள். கால்வாசிக்குள் அடங்கினால் ஸ்பிரிண்ட்டை விட வேண்டிய தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றால் ஸ்பிரிண்ட்டை ஒரு வாரமாகச் சுருக்கிப் பாருங்கள். கடைக்காரரிடம் "அடுத்த திங்கட்கிழமை எடுத்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.