சாமி என்றால் உடையவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் பெயர் சாமி என்று முடிகிறது. மகளின் பள்ளி விண்ணப்பத்தில் அப்படியே எழுதினேன். அங்கே ஒருவர், "சாமி கொச்சை, சுவாமி என்று திருத்துங்கள்" என்றார். எங்கள் தெருவில் மாதா கோயில் குருவும் சாமியார்தான், மாலை போட்டவரும் சாமிதான். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வாசகர், ராயபுரம்

அன்புள்ள நண்பருக்கு,

சாமி கொச்சை அல்ல. 'ஸ்வ' என்றால் தன்னுடைய. அதிலிருந்து பிறந்த வடசொல் 'ஸ்வாமின்', உடையவர் என்று பொருள். பாலி மொழியிலேயே அது 'சாமி' ஆகிவிட்டது. எஜமானுக்கும் கணவனுக்கும் அங்கே அதுதான் சொல். சிங்களத்தின் 'ஹிமி'யும் அந்த வழியில் வந்ததே. நம் சோழர் கல்வெட்டுகளோ அரசனையும் உடையார் என்கின்றன, கோயிலில் இருக்கும் இறைவனையும் உடையார் என்கின்றன.

உடையவர் என்றால் இல்லாதவரும் உண்டு. நிலமில்லாதவர் பண்ணையாரைச் 'சாமி' என்று கூப்பிட்டுக் கைகட்டி நின்றார். பிள்ளைக்கு முனுசாமி, கந்தசாமி என்று தெய்வத்தின் பெயரை வைத்தார். 1860இல் 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது நம் சென்னைக் கரையிலிருந்துதான். துறைமுகம் கட்டப்படாத காலம். மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலை எட்ட வேண்டும். நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே பெயர்களின் கடைசியில் கேட்ட ஒலியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் இந்தியர்களையெல்லாம் 'சாமி' என்று இழிவாக அழைத்தார்கள். 1893இல் அங்கு போன காந்தி இதைச் 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். துணிந்த இந்தியர் பதில் சொல்வாராம்: சாமி என்றால் எஜமான், நான் உங்கள் எஜமான் இல்லையே! சில வெள்ளையர் கூசிப்போவார்கள். சிலர் ஆத்திரத்தில் அடிக்கவும் செய்வார்கள். அடி விழும் என்று தெரிந்தும் அப்படிச் சொன்னவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

கார்த்திகையில் வண்ணாரப்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். லாரியிலிருந்து துணி மூட்டை இறக்குகிறவர் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக நிற்பார். மற்ற நாட்களில் அவரை ஒருமையில் விரட்டும் முதலாளி, "பார்த்து இறக்குங்கள் சாமி" என்பார். மாலையைக் கழற்றிய மறுநாள் அந்த 'ங்கள்' காணாமல் போவதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

மகளின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ, விண்ணப்பத்திலும் எழுத்து மாறாமல் அப்படியே எழுதுங்கள். திருத்தச் சொன்னவரிடம் இந்தப் பதிலைத் தாராளமாகக் காட்டலாம்.