கன்றுக்குட்டி தானாக வரவில்லை

கேள்வி: என்னைக் கேட்காமலே என் 14 பவுன் நகையை அடகு வைத்து, நண்பரோடு சேர்ந்து செல்போன் கடை போட்டார் என் கணவர். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (அந்த வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் எழுதிய சீட்டு) ‘எல்லைகளை விஸ்தாரமாக்குவேன்’ என்று வந்ததாம். ஒன்பதே மாதத்தில் கடையை மூடியாயிற்று. கேட்டால், “கர்த்தருடைய சித்தமில்லாமல் ஒன்றும் நடக்காது, உனக்குத்தான் விசுவாசம் போதாது” என்கிறார். இப்போது இன்னொரு தொழிலுக்கு, என் பெயரில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறார். எல்லாம் முன்குறிக்கப்பட்டதுதான், தேவன் முன்பே தீர்மானித்ததுதான் என்றால், நான் கோபப்படுவது பாவமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில். பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். கோபத்தை அப்புறம் பார்க்கலாம்.

மலையிலிருந்து இறங்கி வந்த மோசே, ஜனங்கள் வணங்கிய பொற்கன்றுக்குட்டியைப் பற்றிக் கேட்டபோது அவருடைய அண்ணன் ஆரோன் என்ன சொன்னான்? பொன்னை வாங்கி ‘அக்கினியிலே போட்டேன், அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது’ (யாத்திராகமம் 32:24). வந்ததாம்! அதே அதிகாரம் 4-ம் வசனத்தில் சிற்பக்கருவியோடு உட்கார்ந்து அதைச் செய்தவன் அவனே. 24-ம் வசனத்துக்குள் கருவி காணாமல் போய்விட்டது. ஆரோனுக்கு நெருப்பு கைகொடுத்ததுபோல உங்கள் கணவருக்குச் ‘சித்தம்’ கைகொடுக்கிறது.

வாக்குத்தத்த அட்டையை நான் குறை சொல்லமாட்டேன், நானும் வருஷாவருஷம் எடுக்கிறவள்தான். ஆனால் அந்த வசனத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள் (யாத்திராகமம் 34:24). வருஷத்தில் மூன்றுதரம் ஜனங்கள் கர்த்தருடைய சந்நிதிக்குப் போயிருக்கும்போது, அவர்களுடைய தேசத்தை ஒருவரும் இச்சிக்கமாட்டார்கள் என்றுதான் அது முடிகிறது. அடுத்தவர் சொத்தின் மேல் ஆசை வைக்காததைப் பற்றிய வசனம், உங்கள் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறது.

முன்குறித்தல், சுயசித்தம் பற்றிய வழக்கு பழையது. 1524-ல் மனிதனுக்குச் சுயசித்தம், அதாவது தானே தீர்மானிக்கும் சுதந்திரம், உண்டென்று எராஸ்மஸ் என்ற அறிஞர் எழுதினார், மறுவருஷமே சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் அதை மறுத்து எழுதினார். அதை இந்தப் பக்கத்தில் நான் தீர்த்துவைக்கப் போவதில்லை. ஆனால் அந்த லூத்தரும், செய்த பாவத்துக்குச் செய்தவன் பொறுப்பில்லை என்று சொன்னவரல்ல.

உங்களுக்கு உதவுவது யோசேப்பின் கதை என்று நினைக்கிறேன். கூடப் பிறந்தவர்களே அவனை இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு அவன் சொல்கிறான்: ‘நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்’ (ஆதியாகமம் 50:20 சொல்வது இதுதான்). தேவனுடைய சித்தமும் சகோதரரின் குற்றமும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒன்று மற்றதை அழிக்கவில்லை. அதைவிட முக்கியம், சொன்னது யார் என்பது. விற்கப்பட்டவன் சொன்னான். விற்ற அண்ணன்மார் அப்படிச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அவர்கள் மன்னிப்புதான் கேட்டார்கள், காலில் விழுந்தார்கள். ‘இதிலும் தேவன் ஒரு நன்மை வைத்திருந்தார்’ என்று ஒருநாள் நீங்கள் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். உங்களை முந்திக்கொண்டு அதைச் சொல்லும் உரிமை உங்கள் கணவருக்கு இல்லை.

கோபம்? ‘கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்’ என்றுதான் அப்போஸ்தலன் பவுல் எழுதினார், கோபமே கூடாது என்று எழுதவில்லை. ஒன்பது மாத நஷ்டத்துக்கு வராத கோபம் வேறு எதற்கு வரப்போகிறது!

சரி, இந்த வாரம் ஒரு நோட்டோடு அவருடன் உட்காருங்கள். நகை எந்தக் கடையில் இருக்கிறது, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு நிற்கிறது, கெடு என்றைக்கு, எல்லாவற்றையும் அவர் கையாலேயே எழுதட்டும். அநியாயமாக வாங்கியதை, வரி வசூலிக்கிற சகேயு மனந்திரும்பியபோது நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பிக் கொடுப்பதாகக் கணக்குதான் சொன்னான். உங்கள் கணவர் நாலத்தனையாகத் தர வேண்டாம், அந்த 14 பவுனை மீட்கட்டும். நண்பரின் பங்கு எவ்வளவு என்பதும் அந்த நோட்டில் வரட்டும். ‘விசுவாசத்தில் கையெழுத்துப் போடு’ என்று யார் வந்து சொன்னாலும், போதகரே சொன்னாலும், நோட்டு நிரம்பும்வரை பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். சாவி உங்களிடம். ஏல நோட்டீஸ் ஏதாவது வந்திருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள், அதில் மட்டும் தாமதம் வேண்டாம்.