டிசம்பரில் இலங்கை, நாகை கப்பலில்: மயிலாடுதுறை நண்பருக்கு

டிசம்பர் கடைசியில் ஆறு நாள், நாகையிலிருந்து கப்பலில் போய் யாழ்ப்பாணம், சிகிரியா பாறைக்கோட்டை, கண்டி, தென்கரை மிரிசா எல்லாம் பார்க்க வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் மாதத்தை மாற்றுங்கள். நமக்குக் கொட்டும் வடகிழக்குப் பருவமழைதான் அங்கே வடக்கிலும் கிழக்கிலும் கொட்டும். நாகையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குப் போகும் கப்பலும் அந்த மழை மாதங்களில் நின்றுபோகும். சம்பா அறுவடை முடிந்து, மாசி பாதிக்கு மேல் கிளம்புங்கள். டிசம்பரை விடவே முடியாதென்றால் திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம். தென்கரை அப்போது நன்றாக இருக்கும்.

மாசியில் கப்பலில் போவதானால் கண்டியையும் மிரிசாவையும் விட்டுவிடுங்கள். ஆறு நாளில் நான்கையும் சேர்த்தால் வேனுக்குள்ளேயே பொழுது போய்விடும்.

யாழ்ப்பாணம், திருகோணமலை, பொலன்னறுவை போதும். திருகோணமலையில் கோணேசர் கோயில் கடலோரப் பாறை உச்சியில் இருக்கிறது. உங்கள் பக்கத்துச் சீர்காழிச் சம்பந்தர் பாடிய தலம். பொலன்னறுவையைச் சோழர்கள் சனநாதமங்கலம் என்று பெயரிட்டுத் தலைநகராக வைத்திருந்தார்கள். அங்குள்ள வானவன்மாதேவீச்சரம் சின்னக் கற்கோயில்தான். ஆனால் தஞ்சாவூர்க்காரர் யாராக இருந்தாலும் கோயில் விமானத்தைப் பார்த்ததுமே நம்மூர்க் கைவேலை என்று சொல்லிவிடுவார். அங்கேயே கல்விகாரை என்னும் பௌத்தத் தலத்தில் பாறையில் செதுக்கிய படுத்த புத்தரையும் தவறவிடாதீர்கள்.

சிகிரியா அங்கிருந்து பக்கம்தான். ஆனால் ஆயிரத்துக்கு மேல் படிகள். நீங்கள் ஏறுங்கள், அம்மா அடிவாரத்து நீர்த்தோட்டங்களில் காலாற நடக்கட்டும். காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை கொதிக்கும்.